அமைதிப்படைக்குப் போகும் சிப்பாய் எப்போது சுடலாம்?

கேள்வி: என் தம்பி தரைப்படையில் நாயக். லடாக்கில் பணியாற்றியவன். இப்போது அவனுடைய பட்டாலியன் ஐ.நா. அமைதிப்படையின் பகுதியாகத் தெற்கு சூடானுக்குப் போகிறது. எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று ஒரு சிறிய அட்டையைக் கொடுத்து வகுப்பு எடுக்கிறார்களாம். லடாக்கில் கையில் துப்பாக்கி இருந்தும் சுடக்கூடாது என்ற நிலை. அங்கேயும் அப்படித்தானா? எதிரி முதலில் சுடும்வரை காத்திருக்க வேண்டுமா? சுட்டுவிட்டால் அந்த நாட்டுச் சிறையில் அடைத்துவிடுவார்களா? அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அட்டையின் படத்தை இணைத்திருக்கிறேன்.
— வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் அங்கிருந்தும் நீக்குங்கள். எனக்கு வந்ததை நான் நீக்கிவிட்டேன். எப்போது சுடலாம் என்று சொல்லும் இந்தப் பலப்பிரயோக விதிகளைப் படைகள் பொதுவாக ரகசியமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. காவலர் எந்தக் கட்டத்தில் சுடுவார், எதுவரை பொறுத்திருப்பார் என்பது தெரிந்துவிட்டால், அந்த எல்லைக்கு ஓர் அடி முன்னால் நின்றே அவரைச் சுற்றி வளைத்துவிடலாம். எனவே அட்டையில் உள்ள வாசகங்களுக்குள் நான் போகவில்லை. ஐ.நா. வெளிப்படையாகச் சொல்லும் கோட்பாடுகளையும் நடந்த சம்பவங்களையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

அம்மாவிடம் உடனே சொல்லக்கூடியது இது: எதிரி முதலில் சுடும்வரை உங்கள் தம்பி காத்திருக்க வேண்டியதில்லை. தன்னையும் தன் சக வீரர்களையும் காத்துக்கொள்ளும் உரிமையை எந்த அட்டையும் பறிப்பதில்லை. தாக்குதல் நடந்துவிட்டால் அது பகைச் செயல். நடக்கப்போகிறது என்று நியாயமாக நம்ப இடமிருந்தால் அது பகை நோக்கம். இரண்டில் எது இருந்தாலும் பலத்தைப் பயன்படுத்தலாம்.

சிக்கலெல்லாம் அந்த ‘நியாயமாக நம்ப’ என்பதில்தான். தெற்கு சூடானில் மாடு மேய்ப்பவர்கள் தோளிலும் கலாஷ்னிகோவ் தொங்கும். மந்தைகளைக் கொள்ளையடிப்பதும் பதிலுக்குப் பழிவாங்குவதும் அங்கே நெடுங்காலமாக நடக்கின்றன. ஆகவே ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆட்கள் சும்மா கூடி நிற்கிறார்களா அல்லது மறைவிடம் தேடிப் பரவுகிறார்களா, பெண்களும் குழந்தைகளும் திடீரென்று இடத்தைக் காலி செய்கிறார்களா, நில் என்ற பிறகும் நெருங்கி வருகிறார்களா என்பவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். காவல் கோபுரத்தில் நிற்கும் 25 வயது இளைஞர் சில நொடிகளில் இதைச் செய்தாக வேண்டும். வகுப்பில் விதிகளை ஒப்பிக்க வைப்பதைவிட, இப்படிப்பட்ட காட்சிகளை நடித்துப் பார்க்க வைப்பதே உண்மையான பயிற்சி என்பது என் கருத்து. உங்கள் தம்பியின் வகுப்பு வெறும் ஒப்பித்தலாக இருந்தால், அவர் தன் சுபேதாரிடம் தயங்காமல் ஒத்திகை கேட்கலாம்.

லடாக்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இருந்த கட்டுப்பாடு இரு அரசுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது. 1996 நவம்பர் 29 அன்று இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் சுடக்கூடாது என்கிறது. கோடு எது என்பதிலேயே இரு தரப்புக்கும் ஒத்த கருத்து இல்லாத இடத்தில், ஒரு தோட்டா போரைத் தொடங்கிவிடக்கூடாது என்ற அச்சத்தில் பிறந்த விதி அது. 2020 ஜூன் 15 அன்று கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். வீரர்கள் ஆயுதத்துடன்தான் சென்றார்கள் என்றும், மோதலின்போது துப்பாக்கியைப் பயன்படுத்தாதது 1996, 2005 உடன்படிக்கைகளின்படி வந்த நீண்டகால வழக்கம் என்றும் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அப்போது விளக்கினார். உயிர் போகும் நிலையில்கூட அந்த உடன்படிக்கை தற்காப்பைத் தடுக்காது என்று ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் வாதிட்டார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பின்னர் களத்தில் இருக்கும் தளபதிகளுக்குக் கூடுதல் சுதந்திரம் தரப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

தெற்கு சூடானில் விதி பிறந்த காரணமே வேறு. 2011 ஜூலையில் தொடங்கிய அந்தப் பணிக்கு பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஐ.நா. சாசனத்தின் ஏழாவது அத்தியாயத்தின் கீழ் அதிகாரம் இருக்கிறது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்த பிறகு, 2014இல் பாதுகாப்பு மன்றம் பொதுமக்களைக் காப்பதை அதன் தலையாய கடமையாக்கியது. அதாவது, தன்னைக் காக்க மட்டுமல்லாமல், தன் கண்ணெதிரே கொல்லப்படவிருக்கும் ஊர்மக்களைக் காக்கவும் உங்கள் தம்பி சுடலாம். தேவைப்பட்டால் உயிர் போகும் அளவுக்கும். இங்கேதான் லடாக் பழக்கம் அவரைத் தடுமாற வைக்கக்கூடும். அங்கே சுடாமல் இருந்தால் பாராட்டுவார்கள். இங்கே சுடாமல் இருந்ததற்காகவே விசாரணை வரலாம்.

மிகைப்படுத்தவில்லை. 2016 பிப்ரவரியில் மலக்கால் நகரில் ஐ.நா. முகாமுக்குள் தஞ்சமடைந்திருந்த மக்கள் தாக்கப்பட்டார்கள். குறைந்தது 30 பேர் இறந்தார்கள். கட்டளை அமைப்பிலும் பலப்பிரயோக விதிகளைப் புரிந்துகொள்வதிலும் குழப்பம் இருந்தது என்று ஐ.நா.வின் சொந்த விசாரணைக் குழுவே கூறியது. சுடுவதற்கு எழுத்துபூர்வ அனுமதி கேட்கப்பட்டதாகவும் அப்போது வெளியான அறிக்கைகள் கூறின. விதியில் ஏற்கெனவே இருக்கும் அனுமதிக்குத் தாள் கேட்டுக் காத்திருந்தால் வேலி எரிந்து முடிந்துவிடும். அதே ஆண்டு ஜூலையில் தலைநகர் ஜூபாவில் சண்டை மூண்டபோது, ஐ.நா. தளத்துக்கு அருகிலேயே உதவிப் பணியாளர்கள் தங்கியிருந்த விடுதி தாக்கப்பட்டது. ஐ.நா. படையிலிருந்து உதவிக்கு யாரும் போகவில்லை. அதன் பிறகு நடந்த விசாரணையின் முடிவில் படைத் தளபதியையே பதவி நீக்கினார் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன். அந்தத் தளபதி கென்யர்; கோபத்தில் கென்யா தன் படையைத் திரும்பப் பெற்றது தனிக்கதை.

இது ஒரு நாட்டின் கோளாறும் அல்ல. 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தொடர்பான 507 சம்பவங்களை ஐ.நா.வின் உள்தணிக்கைப் பிரிவு ஆராய்ந்தது. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் அமைதிப்படை உடனடியாக ஏதாவது செய்திருந்தது. பலம் பயன்படுத்தப்பட்டதே அரிது. விதிகள் கையைக் கட்டிவிட்டன என்று படையினர் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். பல இடங்களில் விதிகள் கட்டவில்லை. தாய்நாட்டுத் தலைமையகம் என்ன சொல்லுமோ என்ற அச்சமும், மேலிடத்தில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்ற அனுபவமும்தான் கட்டின.

அதற்காகத் துணிந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2013 டிசம்பர் 19 அன்று அகோபோ என்ற ஊரில் ஐ.நா.வின் சிறிய முகாமை ஆயுதம் ஏந்திய பெரும் கூட்டம் சூழ்ந்தது. உள்ளே ஒளிந்திருந்த டிங்கா இன மக்களை வேட்டையாடுவதே அவர்கள் நோக்கம். அங்கிருந்த இந்திய வீரர்களில் இருவர் உயிரிழந்தார்கள். தஞ்சம் புகுந்த மக்களும் கொல்லப்பட்டார்கள். சில டஜன் பேர் காக்கும் முகாமை ஆயிரக்கணக்கானோர் தாக்கும்போது அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. ஆள்பலம், தொலைத்தொடர்பு, உதவிக்கு வரும் ஹெலிகாப்டர் ஆகியவை விதிகளுக்கு முன்னால் வர வேண்டியவை.

சுடும் முறைக்கு வருவோம். முதலில் வாயால் எச்சரிப்பது, பிறகு ஆயுதத்தைக் காட்டுவது, பிறகு பாதுகாப்பான திசையில் எச்சரிக்கைச் சூடு, கடைசியாகக் குறிபார்த்துச் சுடுவது என்று படிப்படியாகக் கற்பிப்பார்கள். இந்தப் படிகளைக் கட்டாயம் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். தாமதித்தால் உயிர் போகும் என்ற நிலையில் நேரடியாகக் கடைசிப் படிக்கே போகலாம். எச்சரிக்கை வார்த்தைகளை உள்ளூர் அரபியில் சொல்லப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தியில் கத்தினால் அங்கே யாருக்கும் புரியாது.

ஆபத்து நின்றவுடன் சுடுவதும் நிற்க வேண்டும் என்பதை மட்டும் தனியாக வலியுறுத்த விரும்புகிறேன். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் எப்போது சுடலாம் என்று சொல்லும் மஞ்சள் அட்டை ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. 1990இல் மேற்கு பெல்ஃபாஸ்டில் சோதனைச் சாவடியை மீறி வந்த காரை நோக்கி ஒரு வீரர் நான்கு முறை சுட்டார். கார் எதிரே வரும்போது சுட்ட மூன்றைத் தற்காப்பு என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், கடந்து சென்ற பிறகு சுட்டதாகக் கூறப்பட்ட நான்காவதுக்கு 1993இல் கொலைக் குற்றத் தீர்ப்பு வழங்கியது. புதிய தடயவியல் ஆதாரங்கள் வந்த பிறகு, 1999 மறுவிசாரணையில் அவர் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்த வழக்கு நமக்குச் சொல்வது, அட்டை சட்டத்துக்கு மாற்றல்ல என்பது. அட்டையைப் பின்பற்றினேன் என்பது உதவும். அது மட்டுமே காப்பாற்றாது. மேலதிகாரி சொன்னார் என்பதும் அப்படியே. இந்திய ராணுவச் சட்டம் கீழ்ப்படியச் சொல்வது சட்டபூர்வமான கட்டளைக்கு மட்டும்தான். சரணடைந்தவரைச் சுடு, கூட்டத்துக்குள் கண்மூடித்தனமாகச் சுடு என்பவை கட்டளைகளே அல்ல. நேரடிச் சண்டையில் இறங்கும் ஐ.நா. படைகளும் போர்ச் சட்டத்தின் அடிப்படைகளுக்குக் கட்டுப்பட்டவை என்று 1999இலேயே பொதுச்செயலாளர் எழுத்துமூலம் அறிவித்துவிட்டார்.

சிறை பற்றிய அச்சம். அமைதிப்படை வீரர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவரை அனுப்பிய நாட்டுக்கே உரியது. அவர் நிற்கும் நாட்டின் நீதிமன்றத்துக்கு அல்ல. இதற்காக ஐ.நா. உரிய ஒப்பந்தங்களைச் செய்துகொள்கிறது. ஆகவே தெற்கு சூடான் சிறை என்ற கவலை வேண்டாம். ஆனால் விசாரணையே இல்லை என்று பொருள் கொள்ளவும் வேண்டாம். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் உங்கள் தம்பியைப் பின்தொடர்ந்து போகும். உள்நாட்டில் சாதாரணக் காலத்தில் பொதுமக்களில் ஒருவரைக் கொன்ற வழக்கு கோர்ட் மார்ஷல் எனப்படும் ராணுவ நீதிமன்றத்துக்குப் போகாது. அச்சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, குற்றம் இந்தியாவுக்கு வெளியே நடந்திருந்தால் கோர்ட் மார்ஷலே விசாரிக்கலாம்.

புறப்படும் முன் அவர் தன் கம்பெனி கமாண்டரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வயர்லெஸ் அறுந்து அதிகாரியும் அருகில் இல்லாதபோது சுடும் முடிவை யார் எடுப்பது? அரசுப் படையின் சீருடை அணிந்தவர்களே மக்களைத் தாக்கினால் என்ன செய்வது? (ஜூபாவில் நடந்தது இதுதான், பல வீரர்கள் திகைத்து நின்றதும் இங்கேதான்.) முகாம் வாயிலில் மக்கள் உயிருக்குத் தப்பி ஓடிவந்தால் கதவைத் திறக்க யாருக்கு அதிகாரம்? இவற்றுக்கு ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை சுட நேர்ந்துவிட்டால், காயமடைந்தவர் யாராக இருந்தாலும் முதலுதவி செய்வது விதி. அதன் பிறகு நேரம், இடம், தூரம், செலவான தோட்டாக்கள், ஏன் ஆபத்து என்று நினைத்தார் என்ற அனைத்தையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். தமிழில் எழுதினாலும் போதும், மொழிபெயர்ப்பை யூனிட் பார்த்துக்கொள்ளும். மற்றவர்களுடன் கூடிப் பேசி ஒரே மாதிரி எழுதுவதைவிட, தான் கண்டதை மட்டும் தனியாக எழுதுவது விசாரணையில் நிற்கும்.