சந்தைக் கட்டமைப்பு, போட்டி எல்லாம் படித்து நிஜத்தில் என்ன பயன்?

இந்தக் கேள்வியைப் பதிவாகப் போட்ட தம்பி, நீங்கள் கெம்பஸில் இரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன். கைத்தொழில் பொருளியல், அதாவது கம்பனிகளும் சந்தையும் எப்படி இயங்குகின்றன என்ற பாடம், அதன் பரீட்சை கிட்ட வந்திருக்கும். எரிச்சல் நியாயம்தான், ஆனால் 'வரைபடத்தைப் பாடமாக்குவதைத் தவிர வேறொன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கம் அப்பாவுக்கு அரை ஏக்கர் தேயிலை. கொழுந்தைப் பறித்த அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். கொழுந்து வாங்க எங்கள் ரோட்டுக்கு ஒரே ஒரு தொழிற்சாலையின் லொறிதான் வந்தது. தண்ணீருக்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம், முற்றல் இலைக்குக் கொஞ்சம் என்று கழித்துவிட்டுத்தான் நிறை எழுதுவார்கள். அப்பா வாய் திறக்கமாட்டார். திறந்தால் நாளைக்கு லொறி நம் வாசலில் நிற்காது. பிறகு இன்னொரு தொழிற்சாலையின் லொறியும் வர ஆரம்பித்தது. கிலோ விலையில் பெரிதாக மாற்றமில்லை, ஏனென்றால் அது கொழும்பு தேயிலை ஏல விலையை வைத்து, கொழுந்து கொடுப்பவருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்று பங்கு பிரிக்கும் கணக்கில் வருவது. போட்டி வேறு பக்கத்தால் வந்தது: கழிவு குறைந்தது, உரம் கடனுக்குக் கிடைத்தது, தீபாவளிக்கு அட்வான்ஸும் கொடுத்தார்கள். கொஞ்சக் காலம்தான். அப்புறம் இரண்டு லொறியிலும் ஒரே கழிவு. இரண்டு பேரும் கூடிப் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். பேசாமலே அப்படி ஒத்துப்போக முடியும் என்பதுதான் சிலருரிமை, அதாவது ஒருசிலர் மட்டுமே இருக்கும் சந்தை, பற்றிய பாடமே.

நாடு முழுக்க எடுத்தால் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள், ஹெர்ஃபின்டால் சுட்டெண் (ஒவ்வொருவரின் சந்தைப் பங்கு வீதத்தையும் வர்க்கித்துக் கூட்டுவது; பெரிதானால் சந்தை சிலர் கையில்) சின்னதாகத்தான் வரும், போட்டி அமோகம் என்று எழுதி மார்க்ஸும் வாங்கலாம். எங்கள் ரோட்டில் ஒரு லொறி இருந்தபோது அந்தச் சுட்டெண் 10,000. இரண்டும் பாதிப்பாதி எடுத்தபோதும் 5,000. அதனால் சந்தையின் எல்லையை எங்கே போடுவது என்பதை முதலில் படியுங்கள், வரைபடம் பிறகு. வாங்குபவரின் முற்றுரிமையை, அதாவது வாங்க ஒரே ஒருவர் மட்டும் இருக்கும் நிலையைப் பற்றி, பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933லேயே எழுதிவிட்டார், நம் லெக்சர் நோட்ஸில் அதற்குக் கடைசியில் அரைப் பக்கம். விற்பவர் பக்கத்துக்கு மட்டும் அத்தனை வளைகோடுகள்!

எந்தக் கம்பனிக்கும் எதிராக இதை எழுதவில்லை. தொழிற்சாலைக்கும் விறகு, கரண்ட், சம்பளம் எல்லாம் இருக்கிறது, தெரியும்.