கடைசி வாரத்தில் வங்கி கேட்ட கேள்வி

வீடும் சட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹரோவில் உள்ள எங்கள் ஃபிளாட்டை விற்றுவிட்டு, அதே பகுதியில் 520,000 பவுணுக்கு ஒரு வீடு வாங்க இருக்கிறோம். ஃபிளாட்டை வாங்குபவர்கள் முதல் வீடு வாங்கும் இளம் தம்பதியர். நாங்கள் வாங்கும் வீட்டின் உரிமையாளர்கள் கடற்கரை ஊர் ஒன்றில் வேறொரு வீடு பார்த்திருக்கிறார்கள். எங்கள் மோர்ட்கேஜ் ஓஃபர் (வீட்டுக் கடன் தர வங்கி எழுத்தில் தரும் ஒப்புதல்) வந்து ஐந்து மாதங்கள் கடந்துவிட்டன. இன்னும் மூன்று வாரங்களில் அது காலாவதியாகிறது. வருகிற வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தப் பரிமாற்றம்) என்று எல்லோரும் பேசி முடித்த பிறகு, ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா எங்களுக்குத் தந்த 30,000 பவுணைப் பற்றி எங்கள் சொலிசிட்டர் வங்கிக்கு அறிவித்தார். வங்கி கோப்பைத் திரும்பவும் பரிசீலனைக்கு அனுப்பிவிட்டது. பத்து வேலை நாட்கள் ஆகலாம் என்கிறார்கள். விற்பவர்களின் ஏஜென்டோ, வெள்ளிக்கிழமை முடியாவிட்டால் வீடு மறுபடி சந்தைக்குப் போய்விடும், ஓஃபர்தான் கையில் இருக்கிறதே, துணிந்து எக்ஸ்சேஞ்ச் செய்யுங்கள் என்கிறார். சொலிசிட்டர் பொறுக்கச் சொல்கிறார். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஹரோ

பதில்: சொலிசிட்டர் சொல்வதைக் கேளுங்கள். ஏஜென்ட் உங்களுக்கு எதிரானவர் என்பதால் அல்ல. அவருக்குக் கூலி கொடுப்பவர் விற்பவர், வெள்ளிக்கிழமை தவறாக முடிந்தால் அதன் செலவில் ஒரு பென்ஸ் கூட அவர் தலையில் விழாது என்பதால்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், விலை பேசி முடிந்து, சர்வே முடிந்து, சொலிசிட்டர்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்ட பின்பும், ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் கணம் வரை ஒருவரும் சட்டப்படி கட்டுப்பட்டவர் அல்லர். காணி, வீடு தொடர்பான ஒப்பந்தம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனவே இன்று உங்களைக் கைவிட விற்பவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. எக்ஸ்சேஞ்ச் செய்த நிமிடத்திலிருந்து அந்த உரிமை இரு தரப்புக்கும் போய்விடுகிறது. ஆனால் வங்கி அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. வங்கி பணம் தர மறுத்தாலும், பத்து நாள் தாமதித்தாலும், 520,000 பவுணுக்குப் பொறுப்பு நீங்கள்தான். எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாகக் கட்டப்படும் பத்து சதவீத முற்பணம், உங்கள் விஷயத்தில் 52,000 பவுண், பறிபோகலாம். அதே வேளையில் உங்கள் ஃபிளாட்டையும் விற்பதாக ஒப்பந்தம் செய்திருப்பீர்கள் என்பதால், குறித்த நாளில் அதைக் காலி செய்து கொடுத்தாகவும் வேண்டும்.

அண்ணாவின் பணத்தை ஏன் வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குச் சொலிசிட்டர் மேல் வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. பெரும்பாலான வீடு வாங்கல்களில் ஒரே சொலிசிட்டர்தான் உங்களுக்கும் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்கிறார். கடன் வழங்குவோர் சொலிசிட்டர்களுக்குத் தரும் அறிவுறுத்தல்கள் அடங்கிய யூகே ஃபினான்ஸ் (வங்கிகளின் அமைப்பு) கையேட்டின்படி, விலையின் மீதித் தொகையை வாங்குபவர் தமது சொந்தப் பணத்திலிருந்து தரவில்லை என்று தெரிந்தால் அதை வங்கிக்கு அறிவிப்பது அவரது கடமை. பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர் விசாரிப்பது பெரும்பாலும் ஓஃபர் வந்த பின்புதான் என்பதால், இந்தக் கேள்வி கடைசி நேரத்தில் குதித்ததாகத் தோன்றுகிறது. விண்ணப்பத்திலேயே, ‘குடும்பத்தாரிடமிருந்து அன்பளிப்பு’ என்று உங்கள் மோர்ட்கேஜ் புரோக்கர் குறிப்பிட்டிருந்தால் இந்தப் பத்து நாள் வந்திருக்காது. அதை இனி பேசிப் பயனில்லை.

இப்போது செய்ய வேண்டியது, கோப்பு உண்மையில் எதற்காக நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. அண்டர்ரைட்டரின் (கடனைப் பரிசீலித்து முடிவெடுக்கும் வங்கி அதிகாரியின்) வரிசையில் காத்திருக்கிறதா, இல்லை உங்களிடமிருந்து ஓர் ஆவணத்துக்காகக் காத்திருக்கிறதா என்பதைப் புரோக்கர் வங்கியிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாவது வகைத் தாமதங்களில் பல, கேட்கப்பட்ட தாள் யாருடைய மின்னஞ்சல் பெட்டியிலோ கிடப்பதால் நேர்பவை. அந்தப் பணம் கடனல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்று அண்ணா கையொப்பமிட்ட கடிதம், அவருடைய கடவுச்சீட்டுப் பிரதி, அந்தப் பணம் அவரிடம் எப்படிச் சேர்ந்தது என்பதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரங்கள் ஆகியவற்றை வங்கி கேட்கும்வரை காத்திராமல் இன்றே அனுப்பிவிடுங்கள். அன்பளிப்பு வெளிநாட்டிலிருந்து வருவதால் கேள்விகள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அதே நாளில், ஓஃபரை நீடிக்கும்படியும் விண்ணப்பியுங்கள். காலாவதியான பின் கேட்பது வேறு, முன்னரே கேட்பது வேறு. சில வங்கிகள் வீட்டின் மதிப்பீட்டையும் உங்கள் கடன் பதிவையும் மறுபடி பார்த்துத்தான் நீடிப்பார்கள். அதனால் இந்த வாரங்களில் தவணைக்குக் கார் எடுப்பது, புதுக் கடனட்டை எடுப்பது எதுவும் வேண்டாம். இன்னொரு வங்கிக்கு ஓடிவிடலாம் என்று யாரேனும் சொன்னால், புது விண்ணப்பத்துக்குப் பத்து நாளைவிட எவ்வளவோ கூடுதல் காலம் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இடைக்காலக் கடன் எடுப்பதைப் பற்றி உங்கள் நிலையில் யோசிக்கவே தேவையில்லை; வட்டியும் கட்டணமும் அத்தனை அதிகம்.

செயினில் (ஒன்றையொன்று நம்பி நிற்கும் விற்பனைகளின் சங்கிலியில்) உள்ள மற்றவர்களை எப்படி நிறுத்தி வைப்பது என்பதுதான் கடினமான பகுதி. வங்கியின் தாமதத்தால் மட்டும் செயின் அறுவது குறைவு. தாமதத்தின் காரணம் தெரியாமல், ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று கேட்டுக் கேட்டு நம்பிக்கை போன பிறகே ஆட்கள் விலகுகிறார்கள். எனவே உங்கள் சொலிசிட்டர் மறுதரப்புச் சொலிசிட்டருக்கு நேரடியாக எழுதட்டும்: ஓஃபர் இருக்கிறது, நிலுவையில் உள்ளது ஒரே ஒரு கேள்வி, ஆவணங்கள் இன்ன தேதியில் கொடுக்கப்பட்டன, வங்கி சொன்ன காலம் இவ்வளவு. ஏஜென்ட் வாய்வழியாக எடுத்துச் செல்லும் செய்தியில் இந்த நான்கும் முழுதாகப் போய்ச் சேரும் என்று நான் நம்பமாட்டேன். கூடவே, செயினில் உள்ள ஒவ்வொருவரின் ஓஃபரும் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் சொல்லும் வெள்ளிக்கிழமையைவிட, அந்தத் தேதிகளில் மிக முந்தியது எதுவோ அதுவே உங்கள் எல்லோருக்கும் உரிய உண்மையான கெடு. உங்கள் ஃபிளாட்டை வாங்கும் தம்பதியரின் ஓஃபர் உங்களுடையதற்கு முன்பே முடிகிறது என்றால், அவர்களையும் இன்றே நீடிப்புக் கேட்கச் சொல்ல வேண்டும்.

விற்பவர் வீட்டை மீண்டும் சந்தையில் போட்டால் புதிய வாங்குபவர், புதிய சர்வே, புதிய மோர்ட்கேஜ் என்று மாதங்கள் போகும். அவர் பார்த்து வைத்திருக்கும் கடற்கரை வீடும் அதுவரை காத்திராது. பத்து வேலை நாளுக்காக அதைச் செய்வார்களா என்பதை அவர்களின் ஏஜென்டும் அறிவார்.

வங்கி வாக்குத் தந்த நாளையும் தாண்டினால் முறைப்படி புகார் எழுதுங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம் வரை அவகாசம் உண்டு. பதில் திருப்தி தராவிட்டால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இது வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றாது. பிற்பாடு நட்டத்தைக் கேட்க உதவும். அதனால் தொலைபேசியில் பேசிய நாள், பேசியவர் சொன்னது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: சென்ற மாதம் எக்ஸ்சேஞ்ச் முடித்தோம். கம்ப்ளீஷன் (மீதிப் பணம் கொடுத்துச் சாவி வாங்கும் நாள்) வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குத்தான் வங்கியின் பணம் விற்பவரின் சொலிசிட்டருக்குப் போனது. சாவி தந்தார்கள், ஆனால் மூன்று நாள் வட்டி கேட்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று நாள் வட்டியா?
– வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: கேட்பதற்கு அநியாயமாகத் தெரிந்தாலும், ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. வீடு விற்பனை ஒப்பந்தங்களில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஸ்டாண்டர்ட் கண்டிஷன்ஸ் என்ற பொது நிபந்தனைகளின்படி, பிற்பகல் 2 மணிக்குப் பின் வரும் பணம், வட்டிக் கணக்குக்கு அடுத்த வேலை நாளில் வந்ததாகவே கொள்ளப்படும். வெள்ளிக்கு அடுத்த வேலை நாள் திங்கள். முற்பணம் போக உள்ள விலைக்கு, சட்டச் சங்கத்தின் (சொலிசிட்டர்களின் அமைப்பான லோ சொசைட்டியின்) வட்டி வீதத்தில் கணக்கிடுவார்கள். அது அடிப்படை வட்டியைவிட 4 சதவீதம் கூடியது. அடிப்படை வட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 520,000 பவுண் வீட்டுக்கு 52,000 முற்பணம் போக நாளொன்றுக்கு ஏறக்குறைய 103 பவுண் ஆகிறது. பணம் வரவே இல்லை என்றால் விற்பவர் அறிவித்தல் கொடுத்து, பத்து வேலை நாட்களுக்குப் பின் ஒப்பந்தத்தை முறித்து முற்பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதோடு ஒப்பிட்டால் நீங்கள் தப்பித்தீர்கள்.

பணம் எப்போது புறப்பட்டது என்று உங்கள் சொலிசிட்டரிடம் கேளுங்கள். பல வங்கிகள் பணத்தை விடுவிக்க ஐந்து வேலை நாள் முன்னறிவித்தல் கேட்கின்றன. சொலிசிட்டர் பிந்திக் கேட்டிருந்தால் அந்தத் தொகையை அவரிடம் கோர நியாயம் உண்டு. வங்கி பிந்தியிருந்தால் வங்கியிடம். 2014 அக்டோபர் 20, 2024 ஜூலை 18 போன்ற நாட்களில் வங்கிகளுக்கிடையே பெருந்தொகைகளை அதே நாளில் அனுப்பும் சாப்ஸ் பணப் பரிமாற்றமே தடைப்பட்டு வீடு வாங்குபவர்கள் தவித்ததும் உண்டு. அடுத்த முறை செவ்வாய், புதனில் கம்ப்ளீஷன் வையுங்கள். பிசகினாலும் வட்டி ஒரு நாளோடு நிற்கும், தொலைபேசியை எடுக்க மறுநாள் அலுவலகத்தில் ஆளும் இருப்பார்கள்.

கேள்வி: முற்பணத்துக்குச் சீட்டுக் காசு எடுக்க நினைக்கிறேன். வங்கியில் போட்டு ஆறு மாதம் விட்டால் போதும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், குரொய்டன்

பதில்: போதாது. கணக்கில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதைவிட, அது எங்கிருந்து வந்தது என்பதையே 2017ஆம் ஆண்டுப் பணச் சலவைத் தடுப்பு விதிகளின் கீழ் சொலிசிட்டர் கேட்பார். சீட்டுத் தவணைகளை இப்போதிலிருந்தே கைக்காசாக அல்லாமல் வங்கி வழியே கட்டுங்கள்; கழிக்கும்போது வரும் தொகையையும் வங்கி வழியே வாங்குங்கள்; உறுப்பினர்கள், தவணைகள், கழித்த வரிசை எல்லாம் கொண்ட பதிவு ஒன்றை நடத்துபவரிடம் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள். அப்படியும் ஏற்க மறுக்கும் வங்கிகள் உண்டு. ஆகவே வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே புரோக்கரிடம் இதைச் சொல்லி, ஏற்றுக்கொள்ளும் வங்கியில் விண்ணப்பியுங்கள்.