ஆரஞ்சு: ஒரு பெயர் போன வழி (கேள்வி பதில்)

கேள்வி: நம்ம நாரத்தங்காயிலிருந்துதான் 'ஆரஞ்சு' வந்தது என்கிறார்களே, உண்மையா ஐயா?

வேர் திராவிடம் என்பதே பல அறிஞர்களின் கருத்து. ஆனால் இங்கிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போகவில்லை. சமஸ்கிருதத்தில் 'நாரங்க', பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரஞ்ச்'. அரபியரோடு ஸ்பெயினுக்குப் போய் 'நரான்ஹா' ஆனது.

கேள்வி: அப்புறம் அந்த 'ந' எங்கே போனது சார்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இத்தாலியில் 'ஒரு' என்பதற்கு 'ஊனா' என்பார்கள். 'ஊனா நரான்ச்சா' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஊன் அரான்ச்சா' என்றுதான் காதில் விழும். பழத்தின் முதலெழுத்தை முன்னால் நின்ற 'ஒரு' விழுங்கிவிட்டது! இன்றைக்கு அங்கே 'அரான்ச்சா'. ஆங்கில 'ஏப்ரன்' கதையும் இதேதான், முதலில் அது 'நேப்ரன்'. ஸ்பெயின்காரர்களைப் போலவே ஹங்கேரியர்களும் 'நரஞ்ச்' என்று 'ந'வைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். போர்ச்சுகலில் அது 'ல' ஆகி 'லரான்ஜா'.

கேள்வி: அக்கா ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே 'அப்ஃபெல்சீன' என்றும் சொல்கிறார்களாமே?

'சீன ஆப்பிள்' என்று பொருள். அரபியர் கொண்டுவந்தது கசப்பு ஆரஞ்சு. தித்திப்புப் பழம் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் பரவியது, அதில் போர்ச்சுகீசிய வணிகர்களுக்குப் பெரிய பங்கு. புதுப் பழத்துக்குச் சிலர் புதுப் பெயர் வைத்தார்கள். ரஷ்யர்களின் 'அபெல்சின்' இந்தச் சீன ஆப்பிள்தான். கிரேக்கர்களோ போர்ச்சுகலின் பெயரையே வைத்து 'போர்ட்டோகாலி' என்றார்கள். கசப்புப் பழம் மட்டும் அவர்களிடம் இன்னமும் 'நெரான்ட்ஸி'. அரபியிலும் அப்படியே: கசப்புக்கு 'நாரஞ்ச்', இனிப்புக்கு 'புர்த்துகால்'. பழைய பெயர் பழைய சுவையை விடவே இல்லை பாருங்கள்.

கேள்வி: நெதர்லாந்து கால்பந்து அணியின் ஆரஞ்சுச் சட்டையும் பழத்தால் வந்ததா?

இல்லை. தெற்கு பிரான்சில் 'ஓரான்ஷ்' என்று ஓர் ஊர், ரோமர் காலத்தில் அதன் பெயர் 'அராவ்சியோ'. 1544-இல் அந்தச் சிற்றரசு, பின்னாளில் டச்சு விடுதலைப் போரை நடத்திய வில்லியமுக்கு வாரிசு உரிமையில் வந்தது. ஊர்ப் பெயரும் பழப் பெயரும் ஒலியில் ஒன்றாகிவிட்டதால் அவர் வம்சத்துக்கும் அதன் வழியாக நெதர்லாந்துக்கும் அந்த நிறம் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: சரி, நிறத்துக்குப் பெயர் முதலில் வந்ததா, பழத்துக்கா?

பழத்துக்குத்தான். ஆங்கிலத்தில் நிறத்தின் பெயராக அது 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. ராபின் குருவியின் படத்தைப் பாருங்கள், மார்பு நல்ல ஆரஞ்சு நிறம். ஆனால் பழைய பெயர் 'ரெட்பிரெஸ்ட்', அதாவது செம்மார்பு. பெயர் வைத்தவர்களிடம் அந்த நிறத்துக்குத் தனிச்சொல் அப்போது கிடையாது.