வெப்மின் நிறுவி முடித்த பிறகும் தொடங்கவில்லை என்றால் எங்கிருந்து பார்க்க வேண்டும்?

உபுண்டு சர்வரில் வெப்மினை (சர்வரை உலாவி வழியாக நிர்வகிக்கும் மென்பொருள்) நிறுவியதாகவும், நிறுவல் முடிந்துவிட்டது என்றே திரையில் வந்தும் உலாவியில் 10000ஆம் போர்ட்டில் (சர்வரில் ஒரு சேவைக்கான இணைப்பு எண்) பக்கம் திறக்கவில்லை என்றும், நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பலனில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னொரு முறை நிறுவாதீர்கள். போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருந்தாலோ, ஃபயர்வால் மறித்திருந்தாலோ, எத்தனை முறை நிறுவினாலும் நிலைமை மாறப் போவதில்லை. காரணத்தைப் பதிந்து வைத்திருக்கும் லாக் கோப்பு இடையில் அழிந்து போகவும் கூடும்.

வெப்மின் உண்மையிலேயே தொடங்கவில்லையா, அல்லது தொடங்கி ஓடிக்கொண்டிருந்தும் உங்களால் அதை எட்ட முடியவில்லையா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டிலும் உலாவியில் பக்கம் திறக்காது. வெப்மின் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது; மினிசர்வ் என்ற தனக்கான சிறிய வெப் சர்வரோடு வருவதால் அது அப்பாச்சி, எஞ்ஜினெக்ஸ் போன்ற வேறு வெப் சர்வர்களை நம்பி இல்லை. ஆகவே அவற்றை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது வீண் வேலை. சர்வரில் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு நுழைந்து, சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் வெப்மின் சர்வீஸின் நிலையைப் பாருங்கள். பிறகு எஸ்எஸ் கட்டளையால் 10000ஆம் போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்தப் போர்ட்டில் மினிசர்வ் காத்திருப்பதாகக் காட்டினால் மென்பொருளில் பழுதில்லை. அதே சர்வருக்குள்ளிருந்து கர்ல் கட்டளையால் லோக்கல்ஹோஸ்ட்டின் 10000ஆம் போர்ட்டை அழைத்துப் பார்த்து, பதில் வந்தால், வெளியே உள்ள வழியில்தான் தடை இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். வெப்மின் வழக்கமாக எச்டிடிபிஎஸ் வழியில்தான் பேசும் என்பதால், முகவரியை எச்டிடிபி என்று தொடங்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்தது யூஎஃப்டபிள்யூ என்ற உபுண்டுவின் ஃபயர்வால்; அது இந்தப் போர்ட்டை மறிக்கிறதா என்று பாருங்கள். சர்வர் கிளவுடில் இருந்தால், அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் தனியாக இன்னொரு ஃபயர்வால் இருக்கும். சர்வருக்குள் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுப் பலரும் மறந்துவிடும் இடம் இதுதான்.

சர்வீஸ் விழுந்து கிடக்கிறது என்று தெரிந்தால் ஊகத்தில் இறங்க வேண்டாம். 'வார்' அடைவின் உள்ளே இருக்கும் 'வெப்மின்' அடைவில் 'மினிசர்வ்.எரர்' என்ற கோப்பைத் திறந்து, அதன் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். 'ஃபெயில்டு டு பைண்ட் டு போர்ட் 10000' என்று தொடங்கும் வரி இருந்தால், அந்தப் போர்ட் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது. வெப்மினின் பழைய ப்ராசஸ் ஒன்றே சாகாமல் நிற்கலாம். இல்லையென்றால் பேக்கப் மென்பொருளைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் 10000 என்பது என்டிஎம்பி என்ற நெட்வொர்க் பேக்கப் நெறிமுறைக்கென்று முறைப்படி பதிவு செய்யப்பட்ட எண். பேக்கப்பை நிறுத்துவதைவிட வெப்மினை நகர்த்துவதே நல்லது. 'ஈடிசி' அடைவின் கீழ் வெப்மினுக்குரிய 'மினிசர்வ்.கான்ஃப்' கோப்பில் 'போர்ட்' என்ற வரியிலும் 'லிசன்' என்ற வரியிலும் புதிய எண்ணைக் கொடுத்து, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். ஃபயர்வாலிலும் அதே எண்ணைத் திறக்க வேண்டும்.

லாக்கில் 'கான்ட் லொகேட்' என்று தொடங்கி 'ஐஎன்சி' என்ற சொல்லோடு ஒரு நீண்ட அடைவுப் பட்டியல் தெரிந்தால், வெப்மினுக்குத் தேவையான பெர்ல் மாட்யூல் (துணை நிரல்) ஒன்று இல்லை என்று பொருள். எந்த மாட்யூல் என்பது அதே வரியில் இருக்கும். டெப் கோப்பை (உபுண்டுவுக்கான நிறுவல் பேக்கேஜ்) டிபிகேஜி கட்டளையால் நேரடியாக நிறுவுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. டிபிகேஜி, சார்ந்திருக்கும் பேக்கேஜ்களைத் தானாகக் கொண்டுவராது. கோப்புகளைப் பிரித்து வைத்துவிட்டு, அமைக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிடும். சார்ந்த பேக்கேஜ்களையும் சேர்த்துக் கொண்டுவரும் ஏபிடி கட்டளையின் 'ஃபிக்ஸ் புரோக்கன்' தெரிவோடு நிறுவலை ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து அது முடித்துக்கொடுக்கும். லாக்கில் புதிதாக எதுவுமே எழுதப்படவில்லை என்றால், 'வார்' இருக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று டிஎஃப் கட்டளையால் பார்த்துவிடுங்கள்.

டெப் கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. வெப்மினின் 1.890 பதிப்பில் யாரோ பின்கதவு (வெளியார் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழி) ஒன்றைச் செருகியிருந்தது 2019 ஆகஸ்டில் வெளியே வந்தது. கிட்ஹப்பில் இருந்த மூல நிரல் சுத்தமாகவே இருந்தும், பதிவிறக்கத்துக்கு வைத்திருந்த பேக்கேஜ்களில் அது இருந்தது. 1.930 பதிப்பில் நீக்கினார்கள். பழைய கட்டுரை ஒன்றைப் பார்த்து அந்தக் காலத்து டெப்பை இறக்கியிருந்தால், அதை ஓட வைக்க முயலாமல் நீக்கிவிட்டு, வெப்மினின் அதிகாரபூர்வ ரெப்பாசிட்டரியை (பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்து இன்றைய பதிப்பை ஏபிடி வழியாக நிறுவுங்கள். இந்த ஒரு நிலையில் மட்டும் மறுநிறுவல் அவசியம். ஃபயர்வாலைத் திறக்கும்போதும் உங்கள் ஐபி முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும். சர்வர் முழுவதையும் ஆளும் ஒரு பக்கத்தை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பின்னும் பிடிபடவில்லை என்றால், சர்வீஸை நிறுத்திவிட்டு, 'யூஎஸ்ஆர்' அடைவின் 'ஷேர்' பகுதியில் வெப்மினுக்குள் இருக்கும் 'மினிசர்வ்.பிஎல்' நிரலை 'நோஃபோர்க்' தெரிவோடு, மேலே சொன்ன கான்ஃப் கோப்பின் பாதையைக் கொடுத்து நேரடியாக ஓட்டிப் பாருங்கள். பின்னணிக்குப் போகாமல் உங்கள் கண்ணெதிரிலேயே அது நிற்பதால், எங்கே தடுக்கி விழுகிறது என்பது பெரும்பாலும் திரையிலேயே தெரிந்துவிடும். அந்த வரிகளையும், உபுண்டு, வெப்மின் இரண்டின் பதிப்பு எண்களையும் உங்கள் கேள்வியில் சேர்த்தால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.