நாய்க்குச் சர்க்கரை நோயோடு குஷிங் நோயும் இருந்தால் எப்படிச் சமாளிப்பது?

10 வயது நாய், இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்கவில்லை, இப்போது குஷிங் நோயும் இருக்கிறது என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இன்சுலின் எடுபடாததற்குக் காரணமே அந்தக் குஷிங்தான்; கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரந்து இன்சுலினை வேலை செய்ய விடாது. குஷிங்குக்கான டிரைலோஸ்டேன் மருந்தைத் தொடங்கியதும் இன்சுலின் தேவை குறையலாம், பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும், அதனால் முதல் சில வாரங்கள் டாக்டரை அடிக்கடி பாருங்கள்.

எங்கள் நாய் ராணிக்கும் இரண்டும் இருந்தன. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு, அப்புறம் ஊசி. ஒருநாள் காலையில் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊசியைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டேன். சாப்பிடாத நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் முழு அளவு போடவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து தள்ளாடினாலோ நடுங்கினாலோ ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சிரிஞ்சையும் பாருங்கள்: U-40 இன்சுலினுக்கு (ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது) U-40 சிரிஞ்சுதான், U-100 சிரிஞ்சில் எடுத்தால் அளவு தப்பிவிடும். தோல் அரிப்புக்கென்று வேறு டாக்டரிடம் போனால் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறிவிடும்.