ஈயத்துக்குப் பென்சில் சோதனை

கேள்வி: அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா வார்ப்பவர்கள், பழைய ஈயம் எவ்வளவு கடினம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: பலருக்கு ஓவியப் பென்சில்களே போதும், மென்மையான 6பி முதல் கடினமான 6எச் வரை. முனையைத் தட்டையாகத் தேய்த்து, ஈயத்தின்மேல் சாய்த்துத் தள்ளுவார்கள். மென்மையான பென்சில் வழுக்கிவிடும். எது முதலில் சுரண்டி எடுக்கிறதோ அதுதான் அளவு. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் சுத்த ஈயம் சுமார் 5. ஆண்டிமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் கலந்த லைனோடைப் ஈயம், அதாவது அச்செழுத்து வார்க்கும் இயந்திரத்தின் ஈயம், சுமார் 22. அச்சுக் கோர்த்த என் கைக்கு நகம் வைத்தாலே வித்தியாசம் தெரியும்: சுத்த ஈயத்தில் தடம் பதியும், அச்செழுத்தில் பதியாது. ஆண்டிமனி கலந்ததை வார்த்த அன்றே சோதிக்க வேண்டாம். நாளாக ஆக இன்னும் இறுகும். அப்புறம், ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவே கூடாது.