குரலே கொலையாளியைக் காட்டிக்கொடுத்தால்? – ஒலிநூல் கேள்வி பதில்

மர்ம நாவல்களை ஒலிநூலுக்காக வாசிப்பவர்களும் வாசிக்கத் தொடங்கியிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான் வாசிக்கும் நாவலில் 5-ஆம் அத்தியாயத்தில் ஒருவர் தொலைபேசியில் மிரட்டுகிறார். அவர்தான் குடும்ப டாக்டர் என்பது 31-ஆம் அத்தியாயத்தில்தான் தெரிகிறது. டாக்டருக்கு ஏற்கெனவே ஒரு குரல் கொடுத்துவிட்டேன். அதே குரலில் மிரட்டினால் கதை அங்கேயே முடிந்துவிடும். வேறு குரலில் மிரட்டினால் கேட்பவரை ஏமாற்றியதாகாதா? – வாசகி, செந்தூல்

பதில்: அந்த மிரட்டல் வரிகளை யார் காதில் வாங்குகிறார் என்று முதலில் பாருங்கள். தொலைபேசியை எடுத்தவர் குரலை அடையாளம் காணவில்லை என்றால், கேட்பவருக்கும் அது அடையாளம் தெரியாத குரலாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே வேறு குரலில் மிரட்டுவது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் நாவலை முடித்துவிட்டு மறுபடி 5-ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பிக் கேட்பவருக்கு ‘ஆமாம், இவர்தான்’ என்று தோன்ற வேண்டும். அதற்குச் சுருதியை மாற்றுங்கள், பேச்சின் நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எப்போதும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு நொடி நிற்பவர் என்று முடிவு செய்திருந்தால், மிரட்டும்போதும் அந்த இடத்தில் நில்லுங்கள். முதல் முறை கேட்பவர் அதைக் கவனிக்கமாட்டார்.

கிசுகிசுப்பும் கைகொடுக்கும். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை, அதனால் சுருதி இருக்காது. பேசுவது ஆணா பெண்ணா என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒலியளவு வெகுவாகக் குறைந்துவிடும். எடிட்டிங்கில் அதைத் தூக்கினால் அறையின் இரைச்சலும் கூடவே எழும். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பவர் அரைச் சாணுக்கு நெருங்கி, வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பேசினால் காற்று மைக்கில் மோதாது. நான்கைந்து வரிகளுக்கு மேல் கிசுகிசுப்பு தொடர்ந்தால் கேட்பவர் களைத்துப்போவார். பிறகு ஏற்ற இறக்கம் இல்லாத தணிந்த குரலுக்கு நகர்ந்துவிடுங்கள்.

தமிழில் இதைவிடப் பெரிய கண்ணி வினைமுற்றில் இருக்கிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று எழுதினால் பால் தெரிந்துவிடும். அதை மறைக்க விரும்பும் எழுத்தாளர் ‘வந்தார்’ என்பார், அல்லது ‘அந்த உருவம் நகர்ந்தது’ என்பார். வாசிப்பவருக்கோ முடிவு தெரியும். வேகமாக வாசிக்கையில் நாக்கு தானாக ‘வந்தான்’ என்று புரண்டுவிடும். பிழை பார்ப்பவர் காதிலும் அது இயல்பாகவே விழும் என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஓர் எழுத்துப் பிசகில் இருநூறு பக்கத்துப் புதிர் போய்விடும். கொலையாளி பெயரின்றி வரும் காட்சிகளில் ‘ஆர்’ என்று முடியும் ஒவ்வொரு வினையையும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு மைக் முன் உட்காருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முழு நாவலையும் ஒரு முறை படித்தாக வேண்டும். இதில் சலுகையே கிடையாது. படிக்கும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: வயது, ஊர், பேச்சு வேகம், எந்த அத்தியாயத்தில் முதலில் பேசுகிறார். குரலைப் பற்றிய வர்ணனை வசனத்துக்குப் பின்னால் வருவது வழக்கம். தெளிவாக ஒரு வசனத்தைப் பேசி முடித்த பிறகு ‘என்றார் அவர் கரகரத்த குரலில்’ என்று அடுத்த பக்கத்தில் இருந்தால் அந்தப் பகுதியை முழுக்கத் திரும்பப் பதிய வேண்டியதுதான். குரல் முடிவானதும் ஒவ்வொருவருக்கும் 20 நொடி மாதிரியைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். மூன்று வாரம் கழித்து 24-ஆம் அத்தியாயத்தில் திரும்பி வரும் காவல்காரரின் குரல் உங்கள் நினைவில் இருக்காது.

கேள்வி: முக்கியத் தடயம் வரும் வரியைக் கொஞ்சம் அழுத்தி வாசிக்கலாமா? காதால் கேட்பவர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாதே. – வாசகர், கெப்போங்

பதில்: அழுத்தவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். ‘மேசையில் ஒரு பேனா, பாதி குடித்த தேநீர், கழற்றி வைத்த கைக்கடிகாரம்’ என்ற பட்டியலில் கடிகாரம்தான் தடயம் என்றால், மூன்றுக்கும் ஒரே எடை கொடுங்கள். தடயத்தை மறைப்பதாக நினைத்து அந்த இடத்தில் வேகமெடுப்பவர்களே அதிகம். வேகம் மாறினாலே காது விழித்துக்கொள்ளும். பொய் சொல்லும் பாத்திரத்துக்கும் இதே கணக்குதான். அவர் நம்பவைக்கப் பேசுகிறார், ஆகவே உண்மை சொல்பவரைப் போலவே வாசியுங்கள். தடுமாற வேண்டும் என்றால் எழுத்தாளரே எழுதியிருப்பார்.

திரும்பத் திரும்ப வரும் எண்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. கார் எண்ணை ஒரு முறை ‘ஏழு நான்கு இரண்டு மூன்று’ என்றும், இன்னொரு முறை ‘எழுபத்து நான்கு, இருபத்து மூன்று’ என்றும் வாசித்தால் இரண்டும் ஒன்று என்பது காதுக்கு எட்டாது. கோலாலம்பூர் வண்டிகள் டபிள்யூ அல்லது வி என்றும், பினாங்கு வண்டிகள் பி என்றும் தொடங்கும். வண்டி எந்த ஊருடையது என்பதே தடயமாக இருக்கலாம். ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தெளிவாக விழ வேண்டும். ‘ரி.ம. 500’ என்று அச்சில் இருந்தால் ‘ஐந்நூறு ரிங்கிட்’ என்றே வாசியுங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறேன். துணி அலமாரிக்குள் முட்டை அட்டைகள் ஒட்டிப் பதிவு செய்கிறேன். ஆனாலும் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. – வாசகர், செராஸ்

பதில்: முட்டை அட்டைகளை இன்றே கழற்றிவிடுங்கள். அவை ஒலியை உறிஞ்சுவது மிகக் குறைவு, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு. டப்பா ஒலிக்குக் காரணம் தாழ்ந்த அதிர்வெண்கள் சிறிய இடத்துக்குள் முட்டி மோதுவது. அதைக் குறைக்கத் தடிமன் வேண்டும். 50 முதல் 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (பாறை இழை) பலகைகளைத் துணியால் மூடி வைப்பது சிறந்த வழி. செலவு வேண்டாம் என்றால் தடித்த தோத்தோ மெத்தைகளை இரண்டாக மடித்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால்தான் பஞ்சு வைக்கிறார்கள். நாம் பயன்படுத்தும் கார்டியாய்டு வகை மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கிறது. அதன் முன்னால் இருப்பது உங்கள் வாய், வாய்க்குப் பின்னால் இருப்பது உங்கள் முதுகுப் பக்கத்துச் சுவர். மெத்தை முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

வெளி இரைச்சலை எந்த மெத்தையும் நிறுத்தாது. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஒரு மணி வரை, அல்லது அதிகாலைப் பாங்குக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்தால் குயில்களும் மைனாக்களும் தொடங்கிவிடும். கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சகஜம், ஆகவே மாலைப் பதிவை நம்பி நாள் குறிக்காதீர்கள். துத்தநாகக் கூரை வீடு என்றால் மழை வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழி. மழையிரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருக்கும். மென்பொருளால் அதை வழித்தெடுத்தால் ச, ஸ, ஷ ஓசைகளும் கூடவே போய், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ஏர்கானை 20 நிமிடம் ஓடவிட்டு அறையைக் குளிரவைத்து, அணைத்துவிட்டு 30, 40 நிமிடம் பதியுங்கள். குளிர்சாதனப் பெட்டியையும் அணைக்க வேண்டியிருந்தால் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது பெட்டியை மறுபடி போட வேண்டும் என்று தானாக நினைவு வரும். லேப்டாப்பை அலமாரிக்கு வெளியே வைத்து, பக்கங்களை டேப்லெட்டில் படியுங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

நம் ஊர் ஈரக்காற்று கண்டென்சர் மைக்குக்கு எதிரி. ஈரம் ஏறினால் பொரிவதுபோல் சடசடக்கும். பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். அது முடியாதவர்கள் டைனமிக் மைக் வாங்கலாம். ஈரத்தைத் தாங்கும். ஆனால் ஷூர் எஸ்எம்7பி போன்றவற்றுக்கு 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் தேவை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் மலிவானது என்றால் அங்கே இரையத் தொடங்கிவிடும்.

கேள்வி: சீன, மலாய்ப் பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்கும்போது எப்படி உச்சரிப்பது? – வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஊகிக்காதீர்கள், எழுத்தாளரிடம் கேளுங்கள். ‘கோ’ என்று அச்சில் இருப்பது வல்லோசைக் ‘கோ’வாகவும் இருக்கலாம், ‘கோபி’யில் வரும் மெல்லோசையாகவும் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். ‘சியா’வும் அப்படித்தான். சந்தேக நபர்களின் பட்டியலில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஊரும் முக்கியம். பினாங்கில் ஹொக்கியன், கோலாலம்பூரில் கன்டோனீஸ் என்பது பொதுவான நடப்பு. ஹொக்கியனில் ‘டான்’ என்பதும் கன்டோனீஸில் ‘சான்’ என்பதும் சீனத்தில் ஒரே எழுத்து. பாத்திரத்தின் வாயில் வரும் சீனச் சொற்களை அந்தந்த மொழி பேசும் ஒருவரிடம் வாட்சாப்பில் குரல் பதிவாக வாங்கிக்கொள்ளுங்கள். மலாயில் ‘செலாயாங்’ போன்ற பெயர்களின் முதல் உயிர் தமிழ் ‘எ’ அல்ல, வாய் பாதி திறந்த மங்கலான ஒலி.

தமிழ் வசனத்துக்கும் இது பொருந்தும். கோலாலம்பூர்ச் செந்தூலில் நடக்கும் கதைக்குச் சென்னை சினிமாப் பேச்சு ஒட்டாது. எழுத்தாளர் வாக்கிய முடிவில் நம் ஊர் ‘லா’ போட்டிருந்தால் கூச்சப்படாமல் ‘லா’ சொல்லுங்கள். போடாத இடத்தில் சேர்க்காதீர்கள். வர்ணனையை எழுத்துத் தமிழிலும் வசனத்தைப் பேச்சுத் தமிழிலும் வாசிக்கும்போது, இடையில் அரை நொடி விட்டால் காது இரண்டையும் பிரித்துக்கொள்ளும்.

கேள்வி: தவறினால் முழுப் பத்தியையும் திரும்ப வாசிக்கிறேன். நேரம் போய்விடுகிறது. கோப்பு எந்த அளவில் இருக்க வேண்டும்? – வாசகர், ரவாங்

பதில்: பஞ்ச் அண்ட் ரோல் முறையைப் பழகுங்கள். ரீப்பர், ஆடாசிட்டி ஆகிய ஒலிப்பதிவு மென்பொருள்கள் இரண்டிலும் இருக்கிறது. தவறுக்கு முன்னால் சுட்டியை வைத்தால் கடைசி 2, 3 நொடி காதில் ஒலித்து, அங்கிருந்து பதிவு தொடரும். வெட்டும் இடம் வாக்கியத் தொடக்கமோ காற்புள்ளியோவாக இருக்கட்டும். ‘படித்துப் பார்த்தார்’ போன்ற இடங்களில் ஒற்று இரண்டு சொற்களையும் கட்டிவைத்திருக்கிறது. நடுவில் வெட்டினால் ‘ப்’ இரட்டிக்கும் அல்லது காணாமல் போகும்.

அளவுகளைப் பதிப்பகம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உலக அளவில் பலர் பின்பற்றும் ஏ.சி.எக்ஸ். (ஆடிபிள் ஒலிநூல் தளத்துக்குப் பதிவுகளை ஏற்கும் சேவை) அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சராசரி ஒலியளவு –23 முதல் –18 டெசிபல், உச்சம் –3-ஐத் தாண்டக்கூடாது, இரைச்சல் –60-க்குக் கீழே, 44.1 கிலோஹெர்ட்ஸ், எம்பி3 என்றால் 192 கேபிபிஎஸ். ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கோப்பு. பதியும்போதே உச்சம் –6-ஐத் தொடாமல் பாருங்கள், மர்மக் கதையில் திடீர் அலறல் எப்போதும் வரும். அலறலுக்கு ஓரடி பின்வாங்கி, பாதிக் குரலில் அலறினால் போதும்.

உட்காருமுன் பால் கலந்த தேநீர் வேண்டாம். வாயில் எச்சில் தடித்ததுபோலாகி, சொல்லுக்குச் சொல் ‘ச்ப்’ என்று ஒட்டும். தண்ணீரும் ஒரு துண்டு பச்சை ஆப்பிளும் போதும். புதியவருக்கு ஒரு மணி நேர ஒலிநூல் முடிய ஆறு மணி நேர வேலையாவது பிடிக்கும். கூலி பேசும்போது முடிந்த ஒலிநூலின் ஒரு மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள், அந்த ஆறையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: பழைய தமிழ்த் துப்பறியும் நாவல்களை அனுமதியின்றி வாசித்து வெளியிடலாமா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மலேசியாவில் எழுத்தாளர் காலமான பின் 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு உரிமை நீடிக்கும். 1942-இல் காலமான வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களுக்கு இரண்டு நாடுகளிலும் காலம் முடிந்துவிட்டது. புதிய பதிப்பில் சேர்த்த முன்னுரை, குறிப்புகள் வேறொருவருடையவை, அவற்றைத் தொடாதீர்கள். மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரின் காலம் முடிந்தது மட்டும் போதாது. மொழிபெயர்த்தவருக்கும் தனி உரிமை உண்டு.

கேள்வி: கதையில் ஒரு கடிதம் வருகிறது. ‘மரம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மறம்’ என்று எழுதியிருப்பதே தடயம். வீட்டின் வரைபடமும் ஒன்று உண்டு. வாசித்தால் எப்படித் தெரியும்? – வாசகி, செந்தூல்

பதில்: வாசித்துக் காட்ட முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சொல்லும் சொற்களை நீங்களாகச் சேர்க்காமல் எழுத்தாளரிடம் எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு பிழையை மட்டும் ‘பெரிய ற’ என்று சுட்டினால் புதிர் அங்கேயே உடையும். கடிதத்தில் வேறு இரண்டு எழுத்துப் பிழைகளையும் சேர்த்து, மூன்றையும் துப்பறிபவர் படித்துச் சொல்வதாக அமைக்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தைப் பி.டி.எஃப். கோப்பாக இணைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பார்வையற்றவருக்கு அது எப்படி உதவும்? ஒலிநூல் வளர்ந்ததே அவர்களுக்காகத்தான். பிரிட்டனில் 1935-இல் வெளிவந்த முதல் பேசும் புத்தகங்களிலேயே அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்று இருந்தது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் நம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வரைபடத்தை ஐந்தாறு வாக்கியங்களாக எழுதி வாங்குங்கள்: வாசலில் நுழைந்ததும் வலப்புறம் என்ன, மாடிப்படி எங்கே, எந்த அறையின் சன்னல் எந்த அறையைப் பார்க்கிறது. நடந்து போகும் வரிசையிலேயே எழுதியிருக்க வேண்டும். பதிவுக்கு முன் அதை ஒருவருக்கு வாசித்துக் காட்டி, கேட்டதை வைத்து வீட்டை வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்ததில் சன்னல் இடம் மாறியிருந்தால் வாக்கியங்களைத் திருத்தித் தரும்படி எழுத்தாளருக்கே திருப்பி அனுப்புங்கள்.